படத்துக்கு வாங்கும் ஆம்ப்ளிஃபயர் பாட்டுக்கு ஆகுமா?

கையில் இருக்கும் பணத்துக்கு ஒரே ஒரு பெட்டிதான் வாங்க முடியும். ராத்திரி டி.வி.யில் ஓடும் படத்துக்கும் அது வேண்டும், விடியற்காலையில் கேட்கும் கீர்த்தனைக்கும் அதுவே வேண்டும். பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லை ஊர்களில் ஒரு நடுத்தரக் குடும்பம் ஒலிப்பெட்டி வாங்க நினைக்கும்போது எழும் கேள்வி இதுதான்: சினிமாவுக்காக ஐந்து ஸ்பீக்கரை ஓட்டவென்று செய்த ஏ.வி. ரிசீவர், இரண்டு ஸ்பீக்கரில் கேட்கும் பாட்டுக்கு ஆகுமா? இல்லை, அதே விலையில் பாட்டுக்கென்றே செய்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரை வாங்கிப் படத்தையும் அதிலேயே சமாளிப்பது நல்லதா?

இந்தக் கேள்வி உலகம் முழுவதும் கேட்கப்படுகிறது. அரை நூற்றாண்டாக விடைகளும் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளையும் கம்பளம் விரித்த அறைகளையும் மேற்கத்திய இசையையும் மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் தளர்கின்றன, தெற்கெல்லையின் வீட்டுக்கும் காதுக்கும் எவ்வளவு பொருந்துகின்றன என்று பார்ப்பதே இங்கே நோக்கம்.

கேட்கப்படும் பாட்டு எது

ஆம்ப்ளிஃபயரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதில் ஓடப்போவது என்ன என்று பார்க்க வேண்டும். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. கேட்கும் பழக்கம் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகவே இருந்துவருகிறது. ஆண்டுதோறும் நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் குமாரகோவில் முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத்தான் திருவனந்தபுரம் போகிறார்கள். அங்கே நவராத்திரி மண்டபத்தில் பாடப்படும் சுவாதித் திருநாள் கீர்த்தனைகளும், நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் பிறந்த நீலகண்ட சிவனின் தமிழ்ப் பதங்களும் இந்தச் சாலையோர ஊர்களுக்குப் புதியவை அல்ல. 2008-இல் மறைந்த நெய்யாற்றின்கரை வாசுதேவன் ஊர்ப்பெயரைக் கச்சேரி மேடைகளில் நிலைநிறுத்திய பாடகர். பாலராமபுரத்தின் நெசவுத் தெருக்களில் தமிழ் இன்னும் வீட்டுமொழியாகக் கேட்கிறது. அம்மன் கொடைக்கு வில்லுப்பாட்டு, தேவாலயத்தில் பாடகர் குழு, கல்யாண வீட்டில் மைக் செட் என்று காதுக்கு வந்துசேரும் ஒலி பலவகை.

வானொலியின் பங்கு தனி. ஒருபுறம் திருவனந்தபுரம் நிலையம்; மறுபுறம் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாக 1984-இல் தொடங்கிய நாகர்கோவில்; இவற்றுக்கு முன்பே கடல் கடந்து வந்த இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை. இவற்றில் கேட்ட பாட்டுகளைத்தான் இன்றைக்கும் பலர் யூடியூபிலும் பென் டிரைவிலும் தேடிப்பிடிக்கிறார்கள். எம்.எஸ். விஸ்வநாதனும் தேவராஜனும் இசையமைத்த பழைய பாடல்களில் மிகப் பெரும்பகுதி மோனோப் பதிவு. தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் திரைப்பாடல்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை 1978-இல் வந்த ‘ப்ரியா’ படத்தின் பாடல்கள். கே.ஜே. யேசுதாஸ் 1980-இல் தொடங்கிய தரங்கிணி நிறுவனம் மலையாளப் பாட்டை ஸ்டீரியோவுக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு வந்தவையும் பெரும்பாலும் இரண்டு சேனல்தான். ஆப்பிள் மியூசிக் 2021-இல் டால்பி அட்மாஸ் பாட்டுகளை வெளியிடத் தொடங்கியபின் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆனால் ஒரு சாதாரணக் குடும்பம் கேட்கும் நூறு பாட்டில் ஐந்து சேனலுக்காகவே கலக்கப்பட்டவை எத்தனை என்று எண்ணினால் விரல்கள் மிஞ்சும்.

கேட்கும் பாட்டு மோனோவாகவோ ஸ்டீரியோவாகவோ இருக்கிறது, அதன் நடுவில் மனிதக் குரல் இருக்கிறது. இனி வரும் எல்லா வாதங்களையும் இந்த ஒரு உண்மையில் உரசிப் பார்க்கலாம்.

கேள்வியின் வயது

‘ஏ.வி. ரிசீவரா, ஸ்டீரியோவா’ என்பது பழைய சண்டையின் புதிய பெயர். 1960-களிலும் 70-களிலும் வால்வா டிரான்சிஸ்டரா என்று சண்டை நடந்தது. எதிர்மறைப் பின்னூட்டத்தை அளவுக்கு மீறிப் பயன்படுத்தும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர், திடீரென எழும் ஒலியைச் சிதைக்கக்கூடும் என்று பின்லாந்தின் மட்டி ஒட்டலா 1970-இல் எழுதினார். அச்சிட்ட சிதைவு எண் சிறிதாக இருந்தும் ஒலி கடுமையாகக் கேட்கிறது என்ற குறைக்கு அவர் ஒரு காரணம் கொடுத்தார். அதே பத்தாண்டில் நான்கு சேனல் குவாட்ரஃபோனிக் இசைத்தட்டுகள் வந்தன. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத முறைகள் போட்டியிட்டதில் அவை வந்த வேகத்திலேயே போயின. வீட்டில் பாட்டுக்கு இரண்டு சேனலுக்கு மேல் வேண்டாம் என்ற எண்ணம் வேரூன்றியதற்கு அந்தத் தோல்வியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பல சேனலை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தது சினிமா. 1982-இல் வீட்டுக்கான டால்பி சரவுண்ட், 1986-இல் யமஹாவின் டி.எஸ்.பி.-1, 1987-இல் புரோலாஜிக், 1992-இல் திரையரங்கில் டால்பி டிஜிட்டல் என்று அது படிப்படியாக வந்தது. தமிழ் ரசிகர்களுக்கு டால்பி என்ற சொல் 1995-இன் ‘குருதிப்புனல்’ காலத்திலிருந்து பழக்கம். டி.வி.டி. பரவியபின் 5.1 என்பது கடைத்தெருச் சொல்லாகவே ஆகிவிட்டது. பெரிய நிறுவனங்கள் அதிக எண்ணிக்கையில் ஏ.வி. ரிசீவர் செய்யத் தொடங்கின, விலை இறங்கியது, வெறும் ஸ்டீரியோ பெட்டி பாட்டில் ஈடுபாடுள்ள சிலருக்கானது என்று ஒதுங்கியது. இன்று இரண்டின் தொடக்க மாடல்களும் ஏறக்குறைய ஒரே விலைத்தட்டில் நிற்பதால்தான் கேள்வி இவ்வளவு கூர்மையாகிறது.

இரண்டு சேனலே போதும் என்பவர்கள்

இவர்களின் வாதம் எளிது. ஒரே விலைக்கு இரண்டு பெட்டி இருக்கின்றன. ஒன்றில் பணம் முழுவதும் இரண்டு சேனலுக்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்கும் போகிறது. மற்றொன்றில் அதே பணம் ஐந்து சேனல், எச்.டி.எம்.ஐ. பலகை, டால்பி, டி.டி.எஸ். உரிமக் கட்டணம், ரேடியோ, புளூடூத் என்று பிரிகிறது. ஐந்து சேனலும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மின்சாரம் இழுக்கின்றன. டிஜிட்டல் சர்க்யூட்டின் இரைச்சல் பக்கத்திலேயே இருக்கிறது. அனலாக் வழியாக உள்ளே வரும் பாட்டையும் பல ரிசீவர்கள் ஒருமுறை டிஜிட்டலாக்கி மறுபடி அனலாக்குகின்றன.

இவற்றில் எதுவும் பொய் இல்லை. ஆனால் பாட்டுக் கேட்பவருக்கு எவ்வளவு பொருந்தும் என்பது வேறு. யமஹாவின் ஆர்.எக்ஸ்.-வி.385 போன்ற தொடக்க ரிசீவரின் 70 வாட் என்ற எண், 6 ஓம் சுமையில் இரண்டு சேனலை மட்டும் ஓட்டி அளந்தது. ஐந்தையும் சேர்த்து ஓட்டினால் சேனலுக்குக் கிடைப்பது குறையும் என்பது படத்தைப் பற்றிய குறை. ஸ்டீரியோ பாட்டில் ஓடுவது இரண்டுதான். அளந்த நிலையும் கேட்கும் நிலையும் ஒன்றே. டிஜிட்டலாக்குவதைத் தவிர்க்கப் பல ரிசீவரில் ‘டைரக்ட்’ பொத்தான் இருக்கிறது. பாட்டு வருவதே போனிலிருந்தோ டி.வி.யிலிருந்தோ டிஜிட்டலாக என்றால் அந்தக் குறைக்கு இடமே இல்லை.

வாட் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம், ஏனென்றால் நம் கடைகளில் அதிகம் ஏமாற்றுவது இந்த எண்தான். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 87 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கர் இரண்டு. உட்காரும் இடம் இரண்டரை மீட்டர் தள்ளி. தூரத்தால் கொஞ்சம் குறைந்து, இரண்டு ஸ்பீக்கரும் அறைச்சுவரும் கொஞ்சம் கூட்டித்தர, காதுக்கு வருவது ஏறக்குறைய 85 டெசிபல். வீட்டில் நிம்மதியாகக் கேட்கும் அளவு 75 டெசிபலைச் சுற்றித்தான் இருக்கும். அதற்குப் பத்தில் ஒரு பங்கு வாட் போதும். மிருதங்கத்தின் அடி அதற்கு மேல் 20 டெசிபல் எழுந்தாலும் பத்து வாட்டில் முடிந்துவிடும். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சிடும் பி.எம்.பி.ஓ. என்ற எண்ணுக்கு எந்தத் தரநிர்ணயமும் கிடையாது. அதை வைத்து இரண்டு பெட்டியை ஒப்பிட முடியாது.

இந்த அணியின் வாதம் உண்மையில் வலுப்பெறுவது ஒரு இடத்தில்: ஸ்பீக்கர் 4 ஓம் ஆக இருந்தால். அதிக மின்னோட்டம் கேட்கும் அத்தகைய ஸ்பீக்கரில் மலிவான ரிசீவர் சூடாகித் திணறலாம். அதிலும் நல்ல ஸ்டீரியோ பெட்டி கைவிடாது. 6 அல்லது 8 ஓம் ஸ்பீக்கரைத் தேர்ந்துகொண்டால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் விலகும்.

எல்லா ஆம்ப்ளிஃபயரும் ஒன்றே என்பவர்கள்

நேர் எதிர்முனையில் இருப்பவர்கள் குருட்டுச் சோதனைக்காரர்கள். எந்தப் பெட்டி பாடுகிறது என்று தெரியாமல், ஒலியளவைத் துல்லியமாகச் சமன்செய்து கேட்டால் வித்தியாசம் மறைந்துவிடும் என்பது இவர்கள் நிலை. குவாட் நிறுவனத்தின் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் ஒப்பிட்டு ஜேம்ஸ் மோயர் நடத்திய சோதனை 1978-இல் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் வந்தது. கேட்டவர்களால் அவற்றைப் பிரித்தறிய முடியவில்லை. 1987 ஜனவரியில் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ நடத்திய சோதனை நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. ஏறத்தாழ 220 டாலர் விலையுள்ள ஒரு ரிசீவர் அதில் இருந்தது. 12,000 டாலர் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஜோடியும் இருந்தது. விடைகள் காசு சுண்டிப் பார்த்ததற்கு மேல் போகவில்லை. இதற்கு இரண்டு ஆண்டு முன்னால் பாப் கார்வர் தன் மலிவான ஆம்ப்ளிஃபயரைத் திருத்தி, மிக விலையுயர்ந்த ஒன்றைப் போலவே ஒலிக்கச் செய்வதாகச் சவால் விட்டு, ‘ஸ்டீரியோஃபைல்’ ஆசிரியர்களைத் தடுமாற வைத்ததும் இந்த அணியின் கையில் உள்ள சான்று.

இவற்றை அலட்சியம் செய்ய முடியாது. கடையில் இரண்டு பெட்டியை மாற்றி மாற்றிக் கேட்டுத் தேர்ந்தெடுக்கும் நம் வழக்கம் எவ்வளவு நம்பத்தகாதது என்பதை இவை காட்டுகின்றன. ஒன்று மற்றதைவிட அரை டெசிபல் கூட ஒலித்தாலே, ‘கூட’ என்று காதுக்குத் தெரியாது, ‘நல்லது’ என்றுதான் தெரியும்.

ஆனால் இந்த நிலைக்கும் எல்லைகள் உண்டு. வித்தியாசம் கேட்கவில்லை என்பது வித்தியாசம் இல்லை என்பதற்கு நிரூபணமாகாது. சில நிமிடம் மாற்றிக் கேட்பதும் மாதக்கணக்கில் ஒன்றோடு வாழ்வதும் ஒரே அனுபவமா என்ற ஐயத்துக்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை. எல்லாவற்றையும்விட, இச்சோதனைகள் போட்ட நிபந்தனைகள் முக்கியம்: ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தாண்டக்கூடாது, சுமை இயல்பானதாக இருக்க வேண்டும், பெட்டி பழுதில்லாமல் இருக்க வேண்டும். மலிவான பெட்டிகள் வழுக்குவது அந்த நிபந்தனைகளின் விளிம்பில்தான்.

அளந்து பார்ப்பவர்கள்

கடந்த சில ஆண்டுகளில் மூன்றாவது குரல் ஒன்று உரக்கக் கேட்கிறது. ஒவ்வொரு பெட்டியையும் மேசையில் வைத்து இரைச்சலையும் சிதைவையும் அளந்து வரிசைப்படுத்துவது அவர்கள் முறை. ஸ்டீரியோ பெட்டிகள் பலவற்றைவிட ஏ.வி. ரிசீவர்கள் இந்த அளவைகளில் பின்தங்குவதுண்டு. எண்ணைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் பாறசாலையில் ஒரு ஹாலில் அந்த எண்ணுக்கு என்ன பொருள்? இரைச்சலும் சிதைவும் பாட்டுக்கு 80 டெசிபல் கீழே இருந்தால், பாட்டு 85 டெசிபலில் ஓடும்போது அவை 5 டெசிபலில் இருக்கும். தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியின் சத்தம் அதைவிட எத்தனையோ மடங்கு. மேசையில் தெரியும் குறை விசிறிக்கடியில் மூழ்கிவிடுகிறது.

ஸ்பீக்கரும் அறையும்

நான்காவது நிலை கேள்வியையே இடம் மாற்றுகிறது. கனடா தேசிய ஆராய்ச்சிக் கழகத்திலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் இருந்த ஃபிளாய்ட் டூல், அவரைத் தொடர்ந்து ஷான் ஆலிவ் ஆகியோரின் ஆய்வுகள், குருட்டுச் சோதனையிலும் தெளிவாகப் பிரிந்து கேட்பது ஸ்பீக்கர்தான் என்று காட்டின. தாழ்ந்த சுரங்களில் அறையும் அதற்கு நிகராக ஒலியை மாற்றுகிறது. இங்கே மறைத்துவைத்தாலும் கேட்பவர்கள் ஒத்த விடை தருகிறார்கள். ஆம்ப்ளிஃபயரைப் பற்றிய சண்டையில் ஒருபோதும் கிடைக்காத ஒற்றுமை இது.

எல்லை ஊர்களின் வீட்டுக்கு இந்த நிலை மிகவும் பொருந்துகிறது என்றே தோன்றுகிறது. பழைய ஓட்டு வீட்டில் கூரைக்கும் சுவருக்கும் இடையே ஒலி கசிந்து போக வழி இருந்தது. மரமும் ஓட்டின் இடுக்குகளும் ஒலியைச் சிதறடித்தன. இப்போது கட்டுவது கான்கிரீட் தளம், பூசிப் பெயின்ட் அடித்த சுவர், பளபளக்கும் டைல்ஸ். ஒலி மோதித் திரும்ப இதைவிடத் தோதான பரப்பு இல்லை.

வாலஸ் சபைன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த சூத்திரத்தை வைத்தே இதைக் கணக்கிடலாம். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள வெற்று ஹால் 60 கன மீட்டர். உள்பரப்பு 94 சதுர மீட்டர். அதில் மோதும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கே உறிஞ்சப்படுகிறது என்று வைத்தால், ஒரு ஒலி அடங்க மூன்று விநாடிக்கு மேல் ஆகும். மூன்று சதுர மீட்டர் சன்னலைத் திறந்துவைத்தால் அது ஏறக்குறைய பாதியாகிறது, ஏனென்றால் திறந்த சன்னல் தன்மேல் விழும் ஒலி முழுவதையும் வெளியே விட்டுவிடும். சோபா, மெத்தை, துணி, ஆட்கள் என்று சேரச் சேர இன்னும் குறையும். வீட்டில் பாட்டுக்கு இதமானது அரை விநாடியை ஒட்டிய அளவு. கீர்த்தனையின் சொல் தெளிவாகக் கேட்காமல் முந்தைய சொல்லின் எதிரொலியில் தோய்ந்து வந்தால், குறை ஆம்ப்ளிஃபயரில் இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரோரம் சாய்த்துவைத்துக் கேட்டுப் பார்ப்பது செலவில்லாத சோதனை. மெல்லிய திரைத்துணி உச்சசுரத்தைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான்; தடிமன் வேண்டும்.

தாழ்ந்த சுரங்களின் கதை வேறு. அந்த ஹாலின் நீளத்துக்கு 34 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 43, உயரத்துக்கு 57 என்று அறை தன் சொந்தச் சுருதிகளில் ஒலிக்கும். அவற்றின் மடங்குகளும் கூடவே எழும். மிருதங்கத்தின் இடந்தலையும் வில்லுப்பாட்டின் குடமும் ஓர் இடத்தில் அமர்ந்து கேட்டால் வீங்கியும் இரண்டடி தள்ளிப் போனால் காணாமலும் போவது இதனால்தான். மெத்தையால் இதைச் சரிசெய்ய முடியாது.

ஏ.வி. ரிசீவரின் பலம் வெளிப்படுவது இங்கேதான், பாட்டுப் பிரியர்கள் அதிகம் கவனிக்காததும் இதைத்தான். ஒரு சிறு மைக்கை வைத்து அறையை அளந்து திருத்தும் ஏற்பாடு, யமஹாவில் ஒய்.பி.ஏ.ஓ., மற்றவற்றில் ஆடிஸி போன்ற பெயர்களில், விலை குறைந்த ரிசீவர்களிலும் கிடைக்கிறது. குறிப்பிட்ட சுரத்துக்குக் கீழே உள்ளதை சப் ஊஃபருக்குத் திருப்பிவிட்டுச் சிறிய ஸ்பீக்கரின் சுமையைக் குறைக்கும் வசதி எல்லா ரிசீவரிலும் உண்டு. அதே விலை ஸ்டீரியோ பெட்டிகளில் இவை இரண்டும் அரிது. தொடக்க மாடல்களில் வரும் திருத்தம் கடைசித் தாழ்சுரம் வரை நுணுக்கமாக வேலை செய்வதில்லை என்ற விமர்சனம் உண்டு, அது நியாயமானதே. 200 ஹெர்ட்ஸுக்கு மேலே திருத்தம் கைவைப்பது நல்ல ஸ்பீக்கரின் இயல்பைக் கெடுக்கலாம் என்று டூலே எச்சரித்திருக்கிறார். திருத்தத்தைப் போட்டும் அணைத்தும் கேட்டு, குரல் எதில் இயல்பாக இருக்கிறதோ அதில் விடுவது பாதுகாப்பான வழி.

கையால் கட்டிய பெட்டி

வெளிநாட்டு ஆய்வுகளில் வராத ஒரு மூன்றாவது தேர்வு இங்கே உண்டு: உள்ளூர் மெக்கானிக்கிடம் சொல்லிச் செய்யும் ஆம்ப்ளிஃபயர். எல்லையின் இரண்டு பக்கமும் அதற்கு நீண்ட மரபு இருக்கிறது. கெல்ட்ரான் 1973-இல் தொடங்கியபின் கேரளத்தில் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு வாழ்வாதாரத் தொழிலாகப் பரவியது. தனுவச்சபுரம் அரசு ஐ.டி.ஐ. போன்ற இடங்கள் சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த கைகளை ஊருக்குள் அனுப்பின. முதலில் டி.டி.ஏ. 2030, எஸ்.டி.கே. 4141 வகை ஐ.சி. பலகைகள், பிறகு 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடி, அதன்பின் ரிமோட்டோடு கூடிய 5.1 கிட், இப்போது கிளாஸ் டி பலகைகள். மைக் செட்டுக்கு அஹுஜா, வீட்டுக்குச் சோனோடைன் என்று பெயர் பெற்ற இந்தியப் பெட்டிகளை வாங்க முடியாதவர்கள் ஸ்டீரியோவைக் கண்டதே இந்தக் கைவேலையில்தான் என்று சொன்னால் மிகையாகாது.

இதன் ஆதரவாளர்கள் சொல்வதில் வலு இருக்கிறது. கனமான டிரான்ஸ்ஃபார்மரும் நல்ல கபாசிட்டரும் போட்டுக் கட்டிய ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், அதே செலவில் கடைப்பெட்டி தராத மின்திறனைத் தரலாம். கெட்டால் பத்து நிமிட நடையில் சரிசெய்ய ஆள் இருக்கிறது. ஒவ்வொரு பாகமும் தனியே கிடைக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். 5200-இலும் 1943-இலும் போலிகள் சந்தையில் ஏராளம். அசலும் போலியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஸ்பீக்கரைக் காக்கும் சர்க்யூட் பல பெட்டிகளில் கிடையாது. ஒரு டிரான்சிஸ்டர் கருகினால் ஊஃபரும் கூடவே போகும். எர்த் இணைப்பு முறையாகச் செய்யாத இரும்புப் பெட்டி உயிருக்கே ஆபத்து. 5.1 கிட் என்று விற்கப்படுபவற்றில் பல, இரண்டு சேனலிலிருந்தே மற்றவற்றைப் பிரித்துக் கொடுக்கின்றன. டி.வி.யிலிருந்து வரும் டால்பி டிஜிட்டலைப் பிரித்தெடுக்கும் டீகோடர் அவற்றில் இருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். படத்துக்கும் சேர்த்து வாங்குபவருக்கு இது பெரிய குறை. பாட்டுக்கு மட்டும், இரண்டு சேனல் மட்டும், கைநுட்பம் தெரிந்த மெக்கானிக் என்று மூன்றும் அமைந்தால் இந்தத் தேர்வை யாரும் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை.

இடி, ஈரம், மாறும் தரங்கள்

ஒலியைப் பற்றிய விவாதங்கள் ஆயுளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தெற்கு எல்லையில் அதுவே முடிவைத் தீர்மானிக்கக்கூடும். இரண்டு பருவமழையும் தொடும் நிலம் இது. கோடை மழையும் ஐப்பசி மழையும் பிற்பகலில் இடியோடு இறங்கும். இடியின் அதிர்வு மின்கம்பி வழியாக மட்டும் வருவதில்லை, கேபிள் டி.வி. கம்பி வழியாகவும் இன்டர்நெட் கம்பி வழியாகவும் வரும். டி.வி.யோடு எச்.டி.எம்.ஐ. கம்பியால் கட்டுண்ட ரிசீவருக்கு அந்த வழியெல்லாம் திறந்திருக்கிறது. தனியாக நிற்கும் ஸ்டீரியோ பெட்டிக்கு வாசல் குறைவு. சர்ஜ் புரொடெக்டர் உதவும், ஆனால் நல்ல எர்த் இருந்தால்தான். செம்மண் வெட்டுக்கல் நிலத்தில் எர்த் குழி சரியாக அமைவதற்குத் தனிக் கவனம் வேண்டும். இடி தூரத்தில் கேட்டதுமே பிளக்கையும் கேபிளையும் பிடுங்கிவைக்கும் பழைய வழக்கத்தைவிட நம்பகமான பாதுகாப்பு இன்னும் வரவில்லை.

ஈரமும் சூடும் மெல்லக் கொல்லும். மின்னாற்பகுப்புக் கபாசிட்டரின் ஆயுள், சூடு ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. ஐந்து சேனலையும் நெருக்கி அடைத்த ரிசீவரை டி.வி. ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் வைத்தால் அந்தக் கணக்கு வேகமாக ஓடும். மேலே ஒரு சாண் இடைவெளி விடுவது அவசியம். பல்லியும் எறும்பும் சூட்டைத் தேடித் துளைகளுக்குள் புகுவதும் இங்கே சாதாரணம்.

பழமையாகும் வேகமும் இரண்டுக்கும் ஒன்றல்ல. 1980-களின் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் இன்றைய போனோடு ஒரு கம்பியில் சேர்ந்துகொள்ளும். ரிசீவரோ எச்.டி.எம்.ஐ.-யின் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் வயதாகிறது. 2020-இல் வெளிவந்த சில ரிசீவர்களில் புதிய எச்.டி.எம்.ஐ. 2.1 சிப்பே குறையோடு வந்ததை உற்பத்தியாளர்கள் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. எச்.டி.எம்.ஐ. பலகை கெட்ட ரிசீவரின் ஆம்ப்ளிஃபயர் பகுதி முழு நலத்தோடு இருந்தாலும், பலகையின் விலையைக் கேட்டுப் பெட்டியையே தூக்கிப்போடுபவர்கள் உண்டு. பாட்டுக்கு மட்டும் வாங்குபவருக்கு ஸ்டீரியோ பெட்டியைச் சிபாரிசு செய்ய இதுவே வலுவான காரணம். ஒலி வித்தியாசம் என்ற காரணத்தைவிட இது உறுதியானது.

எந்தப் பக்கம் சாய்வது

இருக்கும் சான்றுகளை வைத்துப் பார்த்தால், படமும் பாட்டும் ஒரே பெட்டியில் வேண்டும் என்பவர் தொடக்க ஏ.வி. ரிசீவரை வாங்குவதால் பாட்டில் பெரிதாக எதையும் இழப்பதாகத் தெரியவில்லை. ஆனால் ஐந்து ஸ்பீக்கரும் சேர்த்து அட்டைப்பெட்டியில் வரும் செட்டை அவர் தவிர்ப்பது நல்லது. அந்தப் பணத்துக்கு 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை நல்லதாக வாங்கி ரிசீவரில் இணைத்தால் பாட்டு அன்றைக்கே சரியாகும். பின்ஸ்பீக்கர்களை ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துச் சேர்க்கலாம். நடுஸ்பீக்கர் இல்லாமலும் படத்தின் வசனம் இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவிலேயே கேட்கும். ரிசீவரின் அமைப்பில் அது இல்லை என்று குறித்தால் போதும். பாட்டு மட்டும் போதும் என்பவருக்கு ஸ்டீரியோ பெட்டி, அல்லது நம்பத்தக்க கைவேலைப் பெட்டி.

தீராமல் நிற்பவை

சில கேள்விகள் இன்னும் திறந்தே இருக்கின்றன. மோனோப் பாட்டை ஐந்து ஸ்பீக்கரில் பரப்புவது சரியா என்பது அவற்றில் ஒன்று. புரோலாஜிக்கும் அதன் வாரிசுகளும் ஸ்டீரியோவின் இரண்டு பக்கங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைக் கொண்டு சுற்றொலியைப் பிரிக்கின்றன. மோனோவில் அந்த வேறுபாடே இல்லை. குரல் முழுவதும் நடுஸ்பீக்கருக்குப் போய்விடும். ஒரே ஸ்பீக்கரிலிருந்து வரும் குரல் பழைய வானொலிப் பெட்டிக்கு நெருக்கமானது, அதுவே உண்மையானது என்று வாதிடலாம். இரண்டு ஸ்பீக்கரின் நடுவில் நிற்கும் குரல் இன்னும் மலர்ந்து கேட்கிறது என்றும் வாதிடலாம். எந்தப் பக்கமும் முறையான சோதனை வைத்துப் பேசவில்லை.

இன்னொன்று, மேலே சொன்ன குருட்டுச் சோதனைகளில் ஓடிய பாட்டுகள். ஸ்பீக்கர் ஆய்வுகளில் ட்ரேசி சாப்மன் போன்ற மேற்கத்தியப் பாடகர்களின் பதிவுகள் திரும்பத் திரும்பப் பயன்பட்டன. இடைவிடாமல் ஒலிக்கும் தம்புராவின் மேல்சுரங்கள், கமகத்தில் வழுக்கும் குரல், இடந்தலையின் ஈர அதிர்வு ஆகியவற்றை வைத்துக் கேட்டால் அதே வரிசைதான் வருமா? வரும் என்று எதிர்பார்க்கக் காரணங்கள் உண்டு, ஏனென்றால் இயல்பான குரலை விரும்புவது எல்லாக் காதுக்கும் பொது. ஆனால் எதிர்பார்ப்பு சான்றாகாது.

எதிரொலியைப் பற்றியும் அப்படித்தான். அரை விநாடி என்ற இலக்கு வேறு இசைக்கும் வேறு வீட்டுக்கும் வகுக்கப்பட்டது. திருவனந்தபுரத்து நவராத்திரி மண்டபத்தின் கூரையில் ஒலிக்காகவென்று கவிழ்த்துத் தொங்கவிட்ட மண்பானைகளைச் சொல்வார்கள். அந்த மண்டபத்தின் அருகில் தலைமுறைகளாகக் கேட்டுப் பழகிய காது, டைல்ஸ் போட்ட தன் ஹாலில் எவ்வளவு எதிரொலியை இசையின் பகுதியாக ஏற்கும், எவ்வளவை இரைச்சல் என்று தள்ளும் என்பதை அந்தக் காதுகளைக் கொண்டே அளக்க வேண்டும். அதற்கு ஒரு சாதாரண ஏ.வி. ரிசீவரும் அதன் கூடவே வரும் சிறிய மைக்கும் ஒரு பத்து வீடுகளும் போதும்.